ஊர்ப் பெருமைக்கும் ஓர் அதபு உண்டு



அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாட்டிறைச்சி சாண்ட்விச் பற்றிய பேச்சை எவரேனும் எடுத்துவிட்டால் போதும், ஊருக்கு ஊர் வாதம் எழும். ஃபிலடெல்ஃபியா நகரத்தார் தம்முடைய சீஸ் ஸ்டேக்குக்கு நிகர் இல்லை என்பர். சிகாகோ நகரத்தார் இத்தாலியன் பீஃப்தான் முதன்மையானது என்பர். நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள பஃபலோ நகரத்தார் 'பீஃப் ஆன் வெக்' என்ற பெயரைச் சொல்லிக் கேட்பவரைத் திகைக்க வைப்பர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஃபிரெஞ்ச் டிப், பால்டிமோருக்குக் கரி நெருப்பில் வாட்டிய பிட் பீஃப், பாஸ்டனுக்கு வடக்கேயுள்ள கடற்கரை ஊர்களுக்கு ரோஸ்ட் பீஃப் என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு.

நம் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் கல்விக்காகவும் பணிக்காகவும் அந்நாட்டுக்குச் சென்றுள்ளனர். சென்றவர்கள் சில மாதங்களிலேயே தாம் குடியேறிய நகரத்தின் கட்சியில் சேர்ந்துவிடுகின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது இந்த வாதத்தையும் உடன் கொண்டு வருகின்றனர். கேட்கும் பெரியவர்களுள் சிலர், ரொட்டித் துண்டுக்காகவா இத்தனை பேச்சு என்று நகைக்கின்றனர். நாம் அவ்வாறு நகைத்துக் கடந்துவிட விரும்பவில்லை. உணவைக் கொண்டு ஊர்கள் தமக்குள் நடத்தும் இந்தப் போட்டி பெரும்பாலும் நல்லதே என்பது நம் கருத்து. அது எந்த இடத்தில் கெடுகிறது என்பதையும் இதே வரலாறு நமக்குக் காட்டுகிறது. அந்த இடத்தை அறிந்துகொள்வது நம் வீடுகளுக்கும் தேவை.

வறுமையில் பிறந்த உணவுகள்

முதலில் இவ்வுணவுகள் எவ்வாறு தோன்றின என்பதைப் பார்ப்போம்.

ஃபிலடெல்ஃபியாவின் தென்பகுதியில் இத்தாலியக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்தனர். அங்கே பேட் ஒலிவியெரி, ஹாரி ஒலிவியெரி என்ற சகோதரர்கள் ஒரு சிறு தள்ளுகடை அளவிலான இடத்தில் ஹாட் டாக் விற்று வந்தனர். 1930-ஆம் ஆண்டு ஒரு நாள், தமது சொந்த உணவுக்காகச் சிறிது மாட்டிறைச்சியை வாங்கி, மெல்லியதாக அரிந்து, தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புக் கல்லில் வெங்காயத்துடன் வதக்கி, நீள ரொட்டிக்குள் வைத்தனர். அவ்வழியே வந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் அதன் மணத்தால் ஈர்க்கப்பட்டுத் தமக்கும் ஒன்று கேட்டார். உண்டபின், ஹாட் டாக்கை விட்டுவிட்டு இதையே விற்குமாறு அறிவுரை கூறினார். இது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. சீஸ் அதனுள் இடம்பெற்றது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. இன்று அவ்வூரில் ப்ரோவலோன் சீஸ், அமெரிக்கன் சீஸ், 1950-களில் சந்தைக்கு வந்த 'சீஸ் விஸ்' என்னும் மஞ்சள் நிறக் குழம்புச் சீஸ் ஆகிய மூன்றில் எது உகந்தது என்பதே தனியொரு வழக்காக நடைபெறுகிறது.

சிகாகோவின் கதையும் இத்தகையதே. 1865 முதல் 1971 வரை அந்நகரில் 'யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்' என்ற மாபெரும் கால்நடைச் சந்தையும், அதனைச் சுற்றி இறைச்சித் தொழிற்சாலைகளும் இயங்கின. நல்ல துண்டுகள் செல்வர் வீடுகளுக்கும் வெளியூர்களுக்கும் சென்றன. உழைப்பாளர் குடும்பங்களுக்கு எட்டியவை கடினமான, நார் மிகுந்த துண்டுகள். இத்தாலியக் குடியேறிகள் அவற்றைப் பூண்டும் ஓரிகனோ இலையும் சேர்த்து மெல்ல வேகவைத்து, காகிதம் போல் அரிந்து, இறைச்சியிலிருந்து இறங்கிய சாற்றிலேயே ஊறவைத்தனர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அம்மக்களின் திருமணங்கள் எளிமையாக நடந்தன. விருந்தினருக்கு வேர்க்கடலை வழங்கும் அளவுக்கு எளிமையாக இருந்தமையால் அவற்றுக்கு 'வேர்க்கடலைத் திருமணங்கள்' என்றே பெயர் வழங்கியது. அத்தகைய திருமணங்களில் ஒரு துண்டு இறைச்சியைப் பலருக்கும் போதுமாறு பங்கிடவே இம்முறை பெருகியது என்பர். இருவரின் உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழியைப் பாடம் நடத்தும்போதெல்லாம் மாணவர்களுக்கு இந்தத் திருமணங்களை எடுத்துக்காட்டலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பஃபலோவில் ஜெர்மானியக் குடியேறிகளின் கை தெரிகிறது. ஜெர்மன் மொழியில் 'க்யூமல்' என்பது நம் சீரகத்தைப் போன்ற தோற்றமுடைய கேரவே விதை. 'வெக்' என்பது அந்நாட்டின் தென்மேற்கு வட்டார வழக்கில் சிறு ரொட்டி. மேற்புறத்தில் பருமனான உப்பும் இந்த விதையும் ஒட்டிய ரொட்டியில், மெல்லியதாக அரிந்த மாட்டிறைச்சியை அடுக்கி, ஹார்ஸ் ரேடிஷ் என்னும் வேரின் விழுதைத் தடவித் தருவர். அவ்விழுது கடுகைப் போல் மூக்கில் ஏறும். கோழிச் சிறகு வறுவலைக் கொண்டே உலகம் தம் ஊரை அறிகிறது, இந்த ரொட்டியைக் கவனிக்கவில்லை என்பது பஃபலோ மக்களுக்கு நெடுநாள் மனக்குறை.

மூன்று நகரங்கள், மூன்று உணவுகள். மூன்றையும் ஆக்கியவர்கள் வந்தேறிகளான உழைப்பாளர்கள். ஆகவே இவ்வூர்களின் மக்கள் தம் உணவைப் புகழும்போது, அதன் ஓரத்தில் பாட்டன்மாரின் உழைப்புக்குச் செலுத்தும் நன்றியும் இருக்கிறது. அந்நன்றியை நாம் குறைத்து மதிக்கலாகாது.

போட்டி நடைபெறும் விதம்

பேட் ஒலிவியெரியின் கடை இன்றும் 'பேட்ஸ் கிங் ஆஃப் ஸ்டேக்ஸ்' என்ற பெயரில், ஒன்பதாம் தெருவும் பாஸ்யங்க் நிழற்சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ளது. 1966-ஆம் ஆண்டு அதற்கு நேர் எதிரே ஜோயி வென்டோ என்பவர் 'ஜீனோஸ் ஸ்டேக்ஸ்' என்ற கடையைத் திறந்தார். ஒருவர் இறைச்சியைக் கல்லில் கொத்துகிறார். மற்றவர் கொத்தாமல் மெல்லிய துண்டுகளாகவே வைக்கிறார். இரண்டு கடைகளும் இரவிலும் விளக்கணைக்காத கடைகள் என்று பெயர் பெற்றவை. வெளியூர் மக்கள் இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் வாங்கி, நடுத்தெருவில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். உள்ளூர் மக்களோ இரண்டும் சுற்றுலாப் பயணிகளுக்கானவை என்று கூறிவிட்டுத் தம் தெருமுனைக் கடையைச் சிறந்ததென்பர். அறுபது ஆண்டுகளாக எதிரெதிரே நின்ற இவ்விரு கடைகளுள் ஒன்றில்லாவிட்டால் மற்றதற்கு இத்தனைப் புகழ் வந்திராது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போட்டி இன்னும் நுட்பமானது. 1908-ஆம் ஆண்டில் தோன்றிய இரண்டு உணவகங்கள், ஃபிலிப்ஸும் கோல்ஸும், ஃபிரெஞ்ச் டிப்பை முதலில் ஆக்கியவர் தாமே என்று உரிமை கொண்டாடி வந்தன. ஃபிலிப் மாத்தியூ என்ற ஃபிரெஞ்சுக் குடியேறி 1918-இல் ஒரு ரொட்டியைத் தவறுதலாக இறைச்சிச் சாற்றுத் தட்டில் விழவிட்டார், வாடிக்கையாளர் அதையே கேட்டு வாங்கினார் என்பது ஒரு தரப்பு. ஈறு வலியால் அவதியுற்ற வாடிக்கையாளருக்காக ரொட்டியைச் சாற்றில் நனைத்துக் கொடுத்தோம் என்பது மறு தரப்பு. எது உண்மை என்று தீர்ப்பளிக்க எவரும் முனைவதில்லை. தீர்ப்பு வந்துவிட்டால் வாதத்தின் சுவை போய்விடும் என்பதை அவ்வூர் மக்கள் அறிந்தே இருக்கின்றனர்.

இவ்வாதங்களுக்கு மரபும் உண்டு. சிகாகோவில் கடைக்குச் சென்றவர் காரமா இனிப்பு மிளகாயா, சாற்றில் முக்கியதா உலர்ந்ததா என்று இரண்டே சொற்களில் சொல்ல வேண்டும். காரம் என்றால் மிளகாயும் காய்கறிகளும் எண்ணெயில் ஊறிய ஜியார்டினியேரா என்னும் ஊறுகாய் சேரும். சாறு ஆடையில் சொட்டாமலிருக்க, மேடையின் மீது இரு முழங்கைகளையும் ஊன்றி, கால்களைப் பின்னே தள்ளி நின்று உண்பர். அந்த நிலைக்கு 'இத்தாலிய நிலை' என்றே பெயர். ஃபிலடெல்ஃபியாவில் மரபை அறியாதவர் எளிதில் அகப்பட்டுக்கொள்வார். 2003-ஆம் ஆண்டு, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முனைந்திருந்த ஜான் கெர்ரி அங்கே வந்து சுவிஸ் சீஸ் வேண்டும் என்று கேட்டார். அவ்வூரில் அதை எவரும் சேர்ப்பதில்லை. அந்த ஒரு சொல் செய்தித்தாள்களில் பல நாள் பேச்சாயிற்று. சிரிப்பாகத் தொடங்கியது, இவர் சாமானியரின் வாழ்வறியாதவர் என்ற குற்றச்சாட்டாகவும் வளர்ந்தது. ஓர் உணவைத் தனக்குத் தெரிந்த முறையில் கேட்டது ஒரு மனிதரை அளக்கும் கோலாகிவிட்டது. இங்கேயே நாம் சற்றுக் கவனம் கொள்ள வேண்டும்.

பந்தயம் என்ற வழக்கம்

இரண்டு நகரங்களின் விளையாட்டு அணிகள் பெரும் போட்டியொன்றில் மோதும்போது, அவ்விரு நகரங்களின் மேயர்களும் பந்தயம் கட்டுவது அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். தோற்ற அணியின் நகரம் தனது சிறப்புணவை வென்ற நகரத்துக்கு அனுப்ப வேண்டும். பார்வைக்கு இது விருந்தோம்பல் போலத் தோன்றும்.

நம் பிள்ளைகள் நண்பர்களுடன் இத்தகைய பந்தயங்களில் சேர்வதைக் கேள்விப்படுகிறோம். அவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: இரு தரப்பும் ஒரு பொருளை முன்வைத்து, தோற்றவர் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனையிட்டுக் கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் கிமார், அதாவது சூது என்ற பகுதியிலேயே வைக்கின்றன. வைக்கப்படும் பொருள் பணமாயினும் ரொட்டியாயினும் சட்டம் மாறாது. ஆனால் வழி அடைபடவில்லை. நிபந்தனை இன்றி, தோற்றாலும் வென்றாலும் தன் ஊரின் உணவை நண்பனுக்கு வாங்கிக் கொடுக்கலாம். அது ஹதியா, அன்பளிப்பு. வென்றவன் தோற்றவனுக்கு விருந்தளித்தால் தோழமை இன்னும் உறுதிப்படும்.

கதவில் தொங்கிய பலகை

இப்போட்டியின் வரலாற்றில் கசப்பான பக்கம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2006-ஆம் ஆண்டளவில் ஜீனோஸ் கடையின் முகப்பில் தொங்கிய ஒரு சிறு பலகை நாடெங்கும் பேசப்பட்டது. இது அமெரிக்கா, உணவு கேட்கும்போது ஆங்கிலத்தில் பேசவும் என்பது அதன் கருத்து. அக்காலத்தில் தென் ஃபிலடெல்ஃபியாவில் மெக்சிகோவிலிருந்தும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்தும் வந்த மக்கள் பெருகியிருந்தனர். மொழி தெரியாத எவரையும் உணவு தராமல் திருப்பி அனுப்பியதில்லை என்று உரிமையாளர் கூறினார். வழக்கு நகரின் மனித உறவுகள் ஆணையத்துக்குச் சென்றது. 2008-இல், மூவரடங்கிய குழுவின் பெரும்பான்மையினர் அப்பலகை சட்டத்தை மீறவில்லை என்று முடிவு செய்தனர். உரிமையாளரின் மறைவுக்குப் பின், 2016-இல் அது அகற்றப்பட்டது.

சட்டம் மீறப்படவில்லை என்பதை நாமும் ஏற்போம். ஆயினும் அந்த உணவின் பிறப்பை எண்ணிப் பாருங்கள். அதை ஆக்கியவர்கள் ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசிய தெருக்களில் வாழ்ந்தவர்கள். பலகையைத் தொங்கவிட்டவரும் இத்தாலியிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றலே. வந்தேறிகளின் அடுப்பில் பிறந்த ஓர் உணவு, இரண்டு தலைமுறைக்குள் அடுத்து வந்த வந்தேறியை நோக்கி விரல் நீட்டுவதற்குப் பயன்பட்டது. தன் ஊரின் உணவை மெச்சுதல் என்ற அழகிய குணம், இந்த ஊர் யாருக்குரியது என்ற கேள்வியாக மாறும்போதுதான் கெடுகிறது.

மார்க்கம் இத்தகைய மாற்றத்தை முன்பே நமக்கு அறிவித்துள்ளது. ஒரு பயணத்தில் முஹாஜிர்களுள் ஒருவருக்கும் அன்சாரிகளுள் ஒருவருக்கும் சிறு கைகலப்பு நேர்ந்தது. இருவரும் தத்தம் கூட்டத்தாரை உதவிக்கு அழைத்தனர். முஹாஜிர் என்பதும் அன்சாரி என்பதும் மேன்மையான பெயர்களே. ஆனால் அப்பெயர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்வதற்கான கூக்குரலாக ஆனபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை நாற்றமெடுத்த ஒன்றென்று கடிந்து, விட்டுவிடச் சொன்னார்கள். அதே நபி (ஸல்) அவர்கள் மக்காவைப் பிரியும்போது தம் ஊர்மீது கொண்ட நேசத்தை வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆகவே, ஊர் நேசம் வேறு, அஸபிய்யத் என்னும் குலவெறி வேறு.

பிறர் ஊர் உணவை எவ்வாறு நோக்குவது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் உடும்பு போன்ற பாலைவனப் பிராணியின் இறைச்சி பரிமாறப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, தம் சமூகத்தாரின் பகுதியில் அது கிடைப்பதில்லையாதலால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நபி (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உணவுக்குக் குறை கூறவில்லை. உண்பவரையும் குறை கூறவில்லை. தமக்குப் பழக்கமில்லை என்பதை மட்டும் சொன்னார்கள். ஊர்களுக்கிடையிலான உணவு வாதங்களுக்கு இதைவிடத் தெளிவான அதபை நாம் காணவில்லை.

விரிந்த இலை

கசப்பான பக்கத்தைப் போலவே இனிய பக்கமும் அதே நகரத்தில் உண்டு. கறுப்பின முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அமெரிக்க நகரங்களுள் ஃபிலடெல்ஃபியா ஒன்று. பிற்காலத்தில் அரபு நாடுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்தனர். தம் ஊரின் சிறப்புணவு தமக்கும் வேண்டும் என்று அவர்கள் விரும்பினர். ஹலால் இறைச்சியைக் கொண்டு அதையே ஆக்கத் தொடங்கினர். இன்று அந்நகரில் ஹலால் சீஸ் ஸ்டேக் எளிதில் கிடைக்கும் பொருள். மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் வால்நட் தெருவிலுள்ள சாத்ஸ் ஹலால் உணவகம் போன்ற இடங்களில், ஜுமுஆவுக்குப் பின் முஸ்லிம்களுடன் பல்கலைக்கழக மாணவர்களும், வேறு சமயத்தவரும் வரிசையில் நிற்கக் காணலாம். அந்த ரொட்டியை உண்ணும் முஸ்லிம் பிள்ளை, நானும் இவ்வூரான் என்று தலைநிமிர்ந்து சொல்கிறான். இத்தாலியர் ஆக்கிய உணவு தன் உருவம் மாறாமல் இன்னொரு சமூகத்தையும் இலையில் அமர்த்திக்கொண்டது.

இங்கே பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் சில செய்திகளைச் சொல்லிவிடுவது நம் கடமை.

முதலாவது, இறைச்சி. வேதம் அருளப்பெற்றோரின் அறுப்பு குறித்து மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது உண்மையே. ஆனால் இன்றைய பெருந்தொழிற்சாலை இறைச்சிக்கு அது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. சந்தேகத்தைத் தவிர்க்க விரும்புவோர்க்கு ஹலால் சான்று பெற்ற கடைகளே பாதுகாப்பு. சிகாகோ வட்டாரத்திலிருந்து 1982 முதல் இயங்கிவரும் இஃபான்கா போன்ற சான்றளிக்கும் அமைப்புகள் அந்நாட்டில் உள்ளன. பலகையில் ஹலால் என்று எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று பணிவாகக் கேட்கலாம். நேர்மையான கடைக்காரர் அக்கேள்வியை வரவேற்பார்.

இரண்டாவது, கல்லும் பாத்திரமும். சிகாகோவில் இத்தாலியன் பீஃபுடன் பன்றி இறைச்சி சாசேஜையும் ஒரே ரொட்டியில் வைத்து 'காம்போ' என்று விற்பர். ஃபிலடெல்ஃபியாவின் பல கடைகளில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உண்டு. மாட்டிறைச்சி மட்டும் கேட்டாலும், அதே இடுக்கி, அதே கத்தி, அதே கல் பயன்படக்கூடும். குறிப்பாக ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர்க்குப் பன்றி பட்ட பொருளைத் தூய்மை செய்யும் சட்டம் கடுமையானது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சீஸ். பாலைத் திரட்டப் பயன்படும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவதுண்டு. முறைப்படி அறுக்கப்படாத பிராணியின் ரென்னட் தூய்மையானதே என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து; ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து அவ்வாறன்று. நுண்ணுயிர்களிலிருந்தோ தாவரங்களிலிருந்தோ பெறும் ரென்னட்டால் ஆன சீஸும் தாராளமாகக் கிடைப்பதால், கேட்டு வாங்குவதில் சிரமம் இல்லை.

நான்காவது, இடம். பஃபலோவின் சிறப்பு ரொட்டி மதுக்கூடங்களிலேயே வளர்ந்தது. மேலேயுள்ள உப்பு தாகத்தை மிகுவித்து மதுவை விற்கச் செய்யும் என்பதற்காகவே அது தொடங்கப்பட்டது என்ற கதையும் அங்கே வழங்குகிறது. உணவு ஆகுமானதாயினும் மது பரிமாறப்படும் மேசையில் அமர்வது நமக்கு ஆகாது. உப்பும் கேரவே விதையும் தூவிய ரொட்டியை வீட்டிலேயே சுட்டு, ஹலால் இறைச்சியை வைத்து உண்ண எந்தத் தடையும் இல்லை.

நம் வீட்டு இலையில்

இவ்வளவும் தொலைதூர நகரங்களின் கதை. இனி நம் பக்கம் திரும்புவோம்.

நமக்கும் இத்தகைய பெருமைகள் குறைவில்லை. ஆம்பூர்க்காரர் முன் திண்டுக்கல் பிரியாணியைப் புகழ்ந்து பாருங்கள்; கத்தரிக்காய்த் தொடுகறியிலிருந்து அரிசி வரை ஒரு முழு விளக்கவுரை கிடைக்கும். கடற்கரை ஊர்களுள் காயல்பட்டினத்தார் தம் களறிக் கறியை விட்டுக்கொடுக்க மாட்டார். வலீமா விருந்தில் இவ்வாதங்கள் எழுவது விருந்துக்கு அழகே. சம்பந்தி வீட்டார் இருவர் அரிசியைப் பற்றி வாதிட்டுச் சிரித்தபடி எழுந்து சென்றால், அது உறவு கூடியதன் அடையாளம்.

ஆனால் அதே பேச்சு அடுக்களைக்குள் நுழையும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. வேற்றூரிலிருந்து வந்த மருமகள் முதன்முதலாகச் சமைத்த குழம்பை ருசி பார்த்து, உங்கள் ஊரில் இப்படித்தான் வைப்பார்களா என்று ஒரு சொல் விழும். சொன்னவர் அதை வேடிக்கை என்று எண்ணியிருக்கலாம். பந்தியில் சம்பந்தி சொன்னபோது அது வேடிக்கைதான். அவருக்கு மறுமொழி சொல்லும் உரிமை இருந்தது. புதிதாக வந்த பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லை. அவளுடைய தாயின் கைப்பக்குவம் இழிவு செய்யப்பட்டது என்பதை அவள் வாய்திறந்து சொல்லவும் இயலாது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழும் வழக்கமுள்ள நம் கடற்கரை ஊர்களில், இதே நிலை வேற்றூர் மாப்பிள்ளைக்கும் வரக்கூடும். ஆங்கிலம் பேசு என்று பலகை தொங்கவிட்ட கடைக்கும், எங்கள் ஊர்ப் பக்குவத்தில் சமை என்று முகத்தால் சொல்லும் வீட்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. இரண்டிலும் புதிதாக வந்தவரே குனிய வேண்டியிருக்கிறது.

பேட்ஸ் கடைக்கும் ஜீனோஸ் கடைக்கும் இடையிலான போட்டி அறுபது ஆண்டுகள் நீடித்ததற்குக் காரணம், இருவரும் நிகரான நிலையில் எதிரெதிரே நின்றமை. ஒருவர் சொன்னால் மற்றவர் திருப்பிச் சொல்லலாம். எதிரில் இருப்பவரால் திருப்பிச் சொல்ல இயலாதபோது அது போட்டியாகாது. ஆகவே, உணவின் பேரால் எவரையேனும் கேலி செய்யுமுன், அவர் நம்மைத் திருப்பிக் கேலி செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறாரா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

அக்குழந்தைகளின் தாய்மார்களுக்கும், மாமியார்களுக்கும், குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சிறு யோசனை. வேற்றூர் மருமகளோ மருமகனோ உள்ள வீட்டில், வாரத்தில் ஒரு நாள் அவர்களுடைய ஊரின் முறையில் சமைக்கச் செய்யுங்கள். அன்று வீட்டார் அனைவரும் அதை உண்ணட்டும். பழக்கமில்லை என்று தோன்றினால், பழக்கமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். சில மாதங்களில் அவ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு ஊர்களின் பெருமையையும் பேசத் தொடங்குவர். தந்தையின் ஊருக்கும் தாயின் ஊருக்குமாக மாறி மாறி வாதாடும் அப்பிள்ளைகளின் வாதத்தைக் கேட்பது எத்தனை இனிது!

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வோம். நீங்கள் குடியேறிய நகரத்தின் உணவை, ஹலாலின் வரம்புக்குள் நின்று, மனமார உண்ணுங்கள். அதற்காக வாதாடுங்கள். எதிரூர் நண்பனை அழைத்து அவனுடைய ஊரின் ரொட்டியையும் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்குப் பின் அந்நகருக்கு வரும் ஏழைக் குடியேறி, எந்த மொழி பேசுபவராயினும், வரிசையில் உங்களுக்குப் பின்னால் தயங்கி நின்றால், எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அவன் அளித்த ரிஜ்க். அதைப் பெற்றமைக்கு நன்றி செலுத்தவும், அதைக் கொண்டு எவர் மனத்தையும் புண்படுத்தாதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.